படம் எடுக்கும் விமானமும் சாமான் ஏற்றும் விமானமும் எந்தப் போரை மாற்றின?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். விமானப்படை அதிகாரித் தேர்வுக்குத் தயாராகிறீர்கள். ஃபைட்டர் பிரிவு கிடைக்காமல் டிரான்ஸ்போர்ட் பிரிவில் போட்டுவிட்டால் அது ஒதுக்கப்பட்ட மாதிரிதானே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உளவு பார்க்கிற, ஆளையும் அரிசியையும் ஏற்றுகிற, மற்றபடி உதவிக்குப் போகிற விமானங்கள் எந்தப் போரிலாவது எதையாவது தீர்மானித்திருக்கின்றனவா என்பது உங்கள் கேள்வி. பார்வைக்கு இது வேலையைப் பற்றிய கேள்வி, ஆனால் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. அதனால் அந்தப் பக்கமிருந்தே வருகிறேன். நான் விமானி இல்லை. விமானப்படையில் தொழில்நுட்பப் பணியாளனாகச் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஆன்டனோவ்-32 ரகப் போக்குவரத்து விமானங்களோடு கழித்தவன். ஆகவே போக்குவரத்து பற்றி நான் சொல்வது கை பட்ட அனுபவம். உளவு விமானங்கள் பற்றிச் சொல்வது படித்தும், அந்த வேலையில் இருந்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் வரிசையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விமானம் போருக்குப் போனது வேவு பார்க்கத்தான். லிபியாவில் இத்தாலியும் துருக்கியும் மோதிக்கொண்டிருந்தபோது, 1911 அக்டோபர் 23 அன்று கார்லோ பியாட்சா என்ற இத்தாலியக் கேப்டன் ஒரு பிளேரியோ விமானத்தில் துருக்கிப் படைகளின் மேலே பறந்து, எங்கே எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். விமானத்திலிருந்து முதல் குண்டு விழுந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 1 அன்று. ஃபைட்டர் வந்தது அதற்கும் பிறகு. முதல் உலகப் போரில் இரண்டு பக்கமும் எதிரியின் பதுங்குகுழிகளை மேலிருந்து பார்த்துப் பீரங்கிக்குக் குறி சொல்லிக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணைக் குத்த வேண்டும் என்பதற்காகத்தான் 1915-ல் சுழலிக்கு நடுவே சுடும் துப்பாக்கி பொருத்திய ஃபோக்கர் விமானங்கள் வந்தன. ஃபைட்டர் பிறந்த காரணமே உளவு விமானம்தான். உங்கள் நண்பர்களிடம் இதை மட்டும் சொன்னாலே போதும்.

அதே போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பரில், பாரிஸை நோக்கி வந்த ஜெர்மன் முதலாம் படை நகரத்துக்கு மேற்கே சுற்றி வளைக்காமல் தென்கிழக்கே திரும்பியது. நேச நாட்டு விமானிகள் அதை மேலிருந்து பார்த்துச் சொன்னார்கள். திறந்துபோன பக்கவாட்டில் பிரெஞ்சுக்காரர்கள் தாக்க, மார்ன் நதிக்கரையில் ஜெர்மானியரின் முன்னேற்றம் நின்றது. விமானிகள் பார்த்தது உறுதி. அவர்கள் பார்த்ததால் மட்டுமே மார்ன் நடந்தது என்று சொல்வது மிகை. குதிரைப்படை ரோந்துகளும் செய்தி கொண்டுவந்தன. ஒரு ஜெர்மன் அதிகாரியிடமிருந்து கைப்பற்றிய வரைபடமும் அதையே காட்டியது. பல இடங்களிலிருந்து வந்த தகவல் ஒத்துப்போனதால்தான் தளபதிகள் நம்பினார்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உளவுப் பறத்தலில் பாதி வேலைதான் வானத்தில் இருக்கிறது. மீதிப் பாதி, பார்த்ததைக் கீழே இருப்பவர் நம்பி, நேரத்துக்குள் ஏதாவது செய்வது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 4. இலங்கையின் தெற்குக் கரையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரியிலிருந்து ஒரு கட்டலினா கடல் விமானம் கிளம்புகிறது. ஓட்டியவர் கனடா விமானப்படையின் லியோனார்ட் பர்ச்சால். நாள் முழுக்க வெறும் கடலைப் பார்த்துப் பறந்து, மாலை நெருங்கும்போது தீவுக்குத் தெற்கே சில நூறு மைல் தொலைவில் கப்பல்களின் புள்ளிகள் தெரிகின்றன. உடனே திரும்பியிருக்கலாம். அவர் நெருங்கிப் போனார், எத்தனை கப்பல், எந்தத் திசை, என்ன வேகம் என்று தெரிய வேண்டுமே. அது பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் படை. ரேடியோக்காரர் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோ என்ற ஜப்பானிய ஃபைட்டர்கள் கட்டலினாவைச் சுட்டு வீழ்த்தின. பிழைத்தவர்களை ஜப்பானியர் சிறைபிடித்தனர். பர்ச்சால் போர் முடியும்வரை கைதியாக இருந்தார்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9-ல் திருகோணமலை. பர்ச்சாலை 'இலங்கையைக் காத்தவர்' என்று எழுதுவது வழக்கம், அந்தப் பட்டத்தைச் சர்ச்சில் கொடுத்ததாகச் சொல்வார்கள். செய்தி கொழும்பை எட்டியது உறுதி, துறைமுகம் எச்சரிக்கப்பட்டதும் உறுதி. ஆனால் ஜப்பானியர் வருகிறார்கள் என்ற துப்பு ஏற்கெனவே கிடைத்திருந்ததால் பல கப்பல்கள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தன. இன்னொரு பக்கம், இவ்வளவு எச்சரிக்கை இருந்தும் ஞாயிறு காலை எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது பாதுகாப்பு விமானங்கள் பல தரையில்தான் நின்றன. டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அன்றே மூழ்கின. ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கி நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது. பர்ச்சாலின் துணிவில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அவர் ஒருவரே தீவைக் காத்தார் என்ற வரியை மட்டும் அளந்துதான் ஏற்றுக்கொள்வேன்.

இந்தியாவில் இந்த வேலைக்குப் பெயர் போனது 106-வது ஸ்குவாட்ரன், அவர்களுடைய கான்பெரா விமானங்கள். 1962 போருக்கு முன்பும் போரின்போதும் ஜக் மோகன் நாத் அக்சாய் சின், திபெத் பகுதிகளின் மேல் பறந்து படம் எடுத்தார். 1962-ல் ஒரு மகாவீர் சக்ரம், 1965-ல் பாகிஸ்தான் மேல் பறந்ததற்கு இன்னொன்று. இரண்டு முறை அந்த விருதைப் பெற்ற முதல் அதிகாரி அவர். திபெத்தில் சீன விமானப்படையின் நடமாட்டத்தையே தான் பார்க்கவில்லை, தன் படங்களை நம்பி நம் தாக்குதல் விமானங்களை இறக்கியிருந்தால் போரே வேறு மாதிரி போயிருக்கும் என்று அவர் பிற்காலப் பேட்டிகளில் சொன்னார். தாக்குதல் விமானங்களை 1962-ல் பயன்படுத்தவில்லை என்பது வரலாறு. பயன்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றைக்கும் வாதம்தான். என்னைக் கேட்டால், அவர் தரப்பில் நியாயம் இருக்கிறது என்பேன்.

படம் எடுப்பது என்றால் மேலே போய் பட்டனை அமுக்குவது என்று நினைத்துவிடாதீர்கள். விமானம் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், நேர்கோட்டில் பறக்க வேண்டும். கேமரா குறிப்பிட்ட இடைவெளியில் எடுக்கும் படங்களில் ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் ஏறத்தாழ 60 சதவீதம் ஏறி நிற்க வேண்டும். அப்போதுதான் அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் கண்ணாடிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மலை மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் எழுந்து நிற்கும். நிழலின் நீளத்தைப் பார்த்து உயரத்தைக் கணக்கிடுவார்கள். போன வாரம் எடுத்த படத்தில் இல்லாத ஒரு கோடு இந்த வாரம் பனியில் தெரிந்தால், யாரோ நடந்து பாதை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆக, எதிரி சுடக்கூடிய இடத்தில் துளியும் அசையாமல் நேராகப் பறக்க வேண்டும் என்பதுதான் அந்த விமானியின் வேலை, அதுவும் பெரும்பாலும் ஆயுதமே இல்லாமல்.

கார்கிலில் என்ன நடந்தது பாருங்கள். 1999 மே 21 அன்று, விமானப்படையின் தாக்குதல் தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்பு, ஊடுருவியவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படம் எடுக்கப் போன கான்பெராவின் வலது எஞ்சினில் ஸ்டிங்கர் ஏவுகணை பட்டது. ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் அழகராஜா பெருமாள். மிச்சமிருந்த ஒரே எஞ்சினோடு விமானத்தை ஸ்ரீநகரில் கொண்டுவந்து இறக்கினார். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை அவ்வளவு உயரம் எட்டாது என்பது சமவெளிக் கணக்கு. 5,000 மீட்டர் முகட்டில் உட்கார்ந்து சுடுபவனுக்கு விமானம் அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்தப் போரில் எதிரியிடம் அப்படிப்பட்ட ஏவுகணை இருக்கிறது என்று நம் படைக்குக் கிடைத்த எச்சரிக்கை அந்தக் காயம்பட்ட எஞ்சின்.

சரி, என் துறைக்கு வருகிறேன். வான்வழிப் போக்குவரத்தில் எல்லாரும் விமானத்தின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். நாங்கள் பார்ப்பது ஒரு நாளைக்கு எத்தனை டன் இறங்கியது என்பதை. இதற்கு இரண்டு பெரிய பாடங்கள் உண்டு. முதலாவது ஸ்டாலின்கிராட். 1942 நவம்பரில் முற்றுகைக்குள் சிக்கிய ஜெர்மன் ஆறாம் படையில் சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். குறைந்தபட்சம் நாளொன்றுக்கு 300 டன் வேண்டும் என்று படை கேட்டது, முடியும் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் ஹிட்லருக்கு வாக்குக் கொடுத்தார். சராசரியாகப் போய்ச் சேர்ந்தது 100 டன் அளவுக்குத்தான். பனி, உறைந்த எஞ்சின், ரஷ்ய ஃபைட்டர்கள், போதாக்குறைக்கு டிசம்பர் 24-ல் சரக்கு கிளம்பும் டட்சின்ஸ்காயா தளத்துக்குள்ளேயே ரஷ்ய டாங்கிகள் புகுந்துவிட்டன. அதே ஆண்டின் தொடக்கத்தில் டெம்யான்ஸ்க் என்ற இடத்தில் இதைவிடச் சின்ன முற்றுகையை வான்வழியாகச் சமாளித்திருந்தார்கள். அந்த வெற்றி கொடுத்த நம்பிக்கைதான் ஸ்டாலின்கிராட்டில் கண்ணை மறைத்தது என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து, எனக்கும் அது சரியாகப் படுகிறது.

இரண்டாவது பெர்லின். 1948 ஜூனில் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் அடைத்தது. மூன்று வான்பாதைகள் மட்டும் மிச்சம். 1949 செப்டம்பர் வரை சுமார் 23 லட்சம் டன் பறந்து போனது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. இதை நடத்திய வில்லியம் டன்னர் என்ற அமெரிக்கத் தளபதி, அதற்கு முன்பு அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு அனுப்பும் பணியின் தலைவராக இருந்தவர். அவர் போட்ட விதிகளைப் பார்த்தால் ஒன்றில்கூட வீரதீரம் இருக்காது. விமானத்துக்கும் விமானத்துக்கும் இடையே மூன்று நிமிடம். இறங்கும் முயற்சி தவறினால் சுற்றி வந்து மறுபடி முயலக் கூடாது, சரக்கோடு திரும்பிப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் மொத்த வரிசையும் குலையும். பெர்லினில் இறங்கிய விமானிகள் டீ குடிக்கக் கட்டடத்துக்குப் போகக் கூடாது, சிற்றுண்டி வண்டி விமானத்தருகே வரும். நிலக்கரித் தூள் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்குள்ளும் மின்வயர்களுக்குள்ளும் புகுந்து தொழில்நுட்பக்காரர்களைப் படாதபாடு படுத்தியது என்று படித்தபோது அவர்கள் கஷ்டம் எனக்கு நன்றாகவே புரிந்தது. மாவுத் தூசியையும் மண்ணெண்ணெய்க் கசிவையும் துடைத்தவன் நான்.

நம் நாட்டில் போக்குவரத்து விமானம் போரின் முடிவை மாற்றியது என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியது 1947 காஷ்மீர். அக்டோபர் 26-ல் காஷ்மீரை இந்தியாவோடு சேர்க்கும் இணைப்புப் பத்திரம் கையெழுத்தாகிறது. ஆயுதமேந்திய பழங்குடிப் படை பாராமுல்லாவில், ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில். 27-ம் தேதி காலை டெல்லியிலிருந்து முதலாம் சீக்கியப் பட்டாலியனின் வீரர்களை ஏற்றிக்கொண்டு டகோட்டா என்ற போக்குவரத்து விமானங்கள் கிளம்புகின்றன. விமானப்படையிடம் இருந்தவை போதாமல் தனியார் கம்பெனிகளின் டகோட்டாக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு டகோட்டாவில் ஆயுதத்தோடு இருபது பேர் சொச்சம்தான் ஏற முடியும். இறங்கும் இடம் மண் ஓடுதளம். ஒரு விமானம் இறங்கினால் எழும் புழுதி அடங்கும்வரை அடுத்தது காத்திருக்க வேண்டும். அந்த ஓடுதளம் கைவிட்டுப் போயிருந்தால் பள்ளத்தாக்கு போயிருக்கும். நவம்பர் 3-ல் மேஜர் சோம்நாத் சர்மா பட்காமில் உயிரைக் கொடுத்துத் தடுத்தது விமான நிலையத்தை நோக்கி வந்தவர்களைத்தான்.

அப்புறம் பூஞ்ச். ஏறத்தாழ ஓராண்டு முற்றுகையில் கிடந்த ஊர். சிப்பாய்களும் அகதிகளும் சேர்ந்து கையாலேயே ஓர் ஓடுதளத்தைச் சமன் செய்தார்கள். 1947 டிசம்பரில் ஏர் கமோடர் மெஹர் சிங் அங்கே டகோட்டாவை இறக்கிக் காட்டினார். சுற்றியுள்ள மலைகளிலிருந்து சுடுகிறார்கள் என்றதும் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இரவில் இறங்கினார்கள். பீரங்கிகளையே விமானத்தில் கொண்டுவந்தார்கள். 1948 மே 24-ல் அதே மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு, வரைபடமும் சரியாக இல்லாத பாதையில் லே போய் இறங்கினார். காற்றழுத்த வசதி இல்லாத, இறக்கையில் பனி படிந்தால் நீக்க வழியில்லாத விமானம் அது. இன்றைக்கு லடாக் நம் வரைபடத்தில் இருப்பதில் அந்தப் பயணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

லேயில் ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஓடுதளமே 3,200 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினும் திணறும், இறக்கைக்கும் பிடிப்பு குறையும். வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றும் முறுக்கும். அதனால்தான் அந்தப் பக்கப் பறத்தலெல்லாம் விடியற்காலையிலேயே முடிந்துவிடும். ஆன்டனோவ்-32 இந்தியாவின் இந்த வெப்பத்தையும் உயரத்தையும் மனதில் வைத்தே உருவானது. 5,000 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள எஞ்சின் இரண்டு, பெரிய சுழலிகள் உடம்பிலும் தரையிலும் இடிக்காமல் இருக்க இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருப்பார்கள். அதன் முழுச் சுமை 6.7 டன். மலைக்குப் போகும்போது அவ்வளவு ஏற்ற முடியாது, அன்றைய வெப்பநிலையைப் பார்த்துக் குறைப்போம். சுமை எவ்வளவு என்பதைவிட எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். ஒவ்வொரு மூட்டைக்கும் பீப்பாய்க்கும் இடம் குறித்து, லோடு ட்ரிம் ஷீட்டில் சமநிலைப் புள்ளியைக் கணக்கிட்டு, வலை போட்டுச் சங்கிலியால் இழுத்துக் கட்டிய பிறகுதான் கதவு மூடுவோம். ஏறும்போது ஒரு பீப்பாய் பின்னால் உருண்டால் மூக்கு தூக்கிக்கொண்டு விமானமே விழும். பாராசூட் இல்லாமல் போடும் மாவு, அரிசி மூட்டைகளுக்கு இரட்டைச் சாக்கு. உள்சாக்கை நிரப்பித் தைத்து, அதைவிடப் பெரிய வெளிச்சாக்கில் தளர்வாகப் போடுவது. தரையில் மோதி உள்ளது கிழிந்தாலும் மாவு வெளியே சிதறாது.

நம்மவர் பலருக்கும் நினைவிருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1987 ஜூன் 4, பூமாலை நடவடிக்கை. முதல் நாள் இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஆன்டனோவ்-32 விமானங்கள், மிராஜ்-2000 விமானங்களின் காவலோடு, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் உணவும் மருந்தும் போட்டன. முற்றுகையில் இருந்த ஒரு குடாநாட்டுக்கு 25 டன் எந்த மூலைக்கு? அன்று எடுத்துச் செல்லப்பட்டது சாமான் என்பதைவிடச் செய்தி என்பதே சரி, அதனால்தான் பத்திரிகையாளர்களும் ஏற்றப்பட்டார்கள். யாழ் குடாநாட்டில் இலங்கைப் படை நடத்திய வடமராட்சித் தாக்குதல் மேலே நகராமல் நின்றதற்கும், ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்ததற்கும் அது எவ்வளவு காரணம் என்பதில் கருத்து பிரியும். பின்னால் நடந்தவற்றின் வலியைச் சுமப்பவர்கள் அந்த நாளை வேறு கண்ணால் பார்ப்பதும் நியாயம்தான்.

உதவி விமானங்கள் என்று நீங்கள் கேட்ட மூன்றாவது வகையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் வேலை செய்ததில்லை. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் அசென்ஷன் தீவிலிருந்து போய்த் தாக்க, வழியில் எரிபொருள் ஊட்டுவதற்காக 11 டேங்கர்கள் கிளம்பின. ஓடுதளத்தில் ஒரு குண்டு பட்டது. அதன் பலன் எவ்வளவு என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆனால் டேங்கர் இல்லாமல் அந்தத் தாக்குதலே இல்லை. 2020 ஜூலையில் ரஃபேல் விமானங்கள் ஐந்து பிரான்ஸிலிருந்து அம்பாலா வந்தபோதும் நடுவானில் எரிபொருள் கொடுத்தது பிரெஞ்சு டேங்கர்தான். சியாச்சினில் 1984 ஏப்ரல் 13-ல் வீரர்களை பிலஃபோண்ட் லா கணவாயில் இறக்கியது சீட்டா ஹெலிகாப்டர்கள். இன்றும் உச்சிக் காவல்நிலைகளில் ஜெரிகேனில் மண்ணெண்ணெய் இறங்குவதும், பனிக்கடி பட்டவர் உயிரோடு கீழே வருவதும் ஹெலிகாப்டரால்தான்.

இனி உங்கள் வேலைக் கேள்வி. ஃபைட்டர் விமானிக்குத் தேவையான திறமை வேறு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டிரான்ஸ்போர்ட் பிரிவில் சும்மா நிற்கும் காலம் என்று ஒன்று கிடையாது. போர் இல்லாத நாளிலும் மலையில் சிப்பாய் சாப்பிட வேண்டும், வெள்ளத்தில் மாட்டியவரை எடுக்க வேண்டும். ஆபத்தும் குறைவில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய ஆன்டனோவ்-32 வங்கக் கடலில் 29 பேரோடு மறைந்தது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி அனுப்பிய படங்களில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடப்பதை 2024 ஜனவரியில்தான் உறுதி செய்தார்கள். எதிரியே இல்லாத சாதாரணக் கூரியர் பயணம் அது. அவர்களை இரண்டாம் வரிசை என்று யாராவது சொன்னால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

நீங்கள் சேரும் காலத்தில் ஆவ்ரோ என்ற பழைய போக்குவரத்து விமானங்களின் இடத்தில் சி-295 விமானங்கள் வந்துகொண்டிருக்கும். மொத்தம் 56, அதில் 16 ஸ்பெயினிலிருந்து, மீதி 40 வதோதராவில் தயாராகின்றன. சி-130ஜே போக்குவரத்து விமானம் 2013 ஆகஸ்டில் லடாக்கில் 16,614 அடி உயரத்தில் உள்ள தௌலத் பேக் ஓல்டியில் இறங்கியிருக்கிறது. பிரிவு ஒதுக்கீட்டில் இப்போது மதிப்பெண்ணுக்கும் விருப்பத்துக்கும் எவ்வளவு இடம் என்பதை அண்மையில் பயிற்சி முடித்த விமானி ஒருவரிடம் கேளுங்கள், அது என் பிரிவு இல்லை. நேர்முகத் தேர்வில் ஏன் டிரான்ஸ்போர்ட் என்று கேட்டால், பூஞ்ச் ஓடுதளத்தைப் பற்றி நாலு வரி சொல்லுங்கள்.